எமது பெயரில் உள்ள இணைப்பு: வீட்டு வைஃபையைப் பூட்டுவது எப்படி?

2008 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் திகதி மாலை குஜராத்தின் அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முதற்குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்து சேர்ந்திருந்தது. அது எந்த இணைய முகவரியில் இருந்து வந்தது என்று பொலிசார் தேடிப் போனார்கள். தேடல் நவி மும்பையில் சன்பாடா என்ற பகுதியில், ஒரு தொடர்மாடியின் வீட்டு வாசலில் போய் நின்றது.

அங்கே வாடகைக்கு இருந்தவர் ஓர் அமெரிக்கர். வேலை நிமித்தம் மும்பைக்கு வந்தவர். அவருடைய வீட்டு வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. யாரோ அந்த அலையைப் பிடித்து, அவருடைய இணைப்பின் வழியாக மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அவரை விசாரித்தார்கள், கணினியை எடுத்துப்போய் ஆராய்ந்தார்கள். கடைசியில் அவருக்கு இதில் பங்கில்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். ஆனால் அதற்குள் அவருடைய பெயரும் முகமும் இந்தியத் தொலைக்காட்சிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டன. அதே ஆண்டு ஓகஸ்டில் இன்னொரு மின்னஞ்சல் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபை வழியாக வந்தது. செப்ரெம்பரில் டெல்லிக் குண்டுவெடிப்பின்போது வந்தது, செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாக. 2009 ஜனவரியில் மும்பைப் பொலிசார் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டப்படாத வைஃபைகளைத் தேடத் தொடங்கினார்கள்.

அந்த மனிதர் அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர். அவருக்காகப் பேச ஒரு தூதரகம் இருந்தது, ஊதியம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க ஒரு நிறுவனம் இருந்தது. எம்மைப் போன்றவர்களின் வாசலில் அதே பொலிசார் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாம் வணிகவியல் படித்து, கணக்கு எழுதிப் பிழைக்கும் ஆட்கள். கணினிப் பொறியியலாளர் அல்லர். ஆனாலும் வைஃபைப் பாதுகாப்பு என்பது பாதிக்கு மேல் கணக்காய்வாளர் கேட்கும் கேள்விகள்தான். சாவி யாரிடம் இருக்கிறது? போன ஆள் சாவியைத் திருப்பித் தந்தாரா? யார் பெயரில் கையெழுத்து? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தவர் வீட்டு ரவுட்டரையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெபல் அலியில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. துறைமுகம் 1979 இல் திறந்தது, சுதந்திர வர்த்தக வலயம் 1985 இல் வந்தது. அந்த இரண்டையும் நம்பித்தான் இந்தப் பக்கத்துத் தமிழர்களில் அநேகர் வாழ்கிறோம்: களஞ்சியக் காப்பாளர், கப்பல் முகவர் அலுவலக எழுதுவினைஞர், பாரந்தூக்கி ஓட்டுபவர், கணக்காளர். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. ஆகவே ஊரை விட்டு எந்தக் காரணத்துக்காக வந்திருந்தாலும் இங்கே நாம் வேலை விசாவில் இருப்பவர்கள், அவ்வளவுதான். வேலை போனால் விசா போகும். ஒரு குற்றவழக்கு நிலுவையில் இருந்தால் வேலையும் போகலாம், நாட்டை விட்டு வெளிக்கிடவும் முடியாமற் போகலாம். திரும்பிப் போக ஊர் இருப்பவனுக்கு அது தொல்லை. போக முடியாதவனுக்கு அது வேறு.

டிஸ்கவரி கார்டன்ஸ் பக்கமோ கார்டன்ஸ் பக்கமோ ஒரு வீட்டின் வரவேற்பறையில் இருந்து கைத்தொலைபேசியில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இருபது, முப்பது பெயர்கள் வரும். அதாவது அந்த முப்பது வீடுகளின் அலை உங்கள் கதிரைக்கு வருகிறது. உங்கள் அலையும் அந்த முப்பது வீட்டுக்கும் போகிறது. சீமெந்துச் சுவர் அதைக் கொஞ்சம் மெலிவாக்கும், நிறுத்தாது. கீழே வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருப்பவருக்கும் அது கிடைக்கும். ஒரு வீட்டிலேயே இரண்டு, மூன்று குடும்பம் இருப்பதும், பெட் ஸ்பேஸ் என்று கட்டில் கணக்கில் வாடகைக்கு இருப்பதும் இங்கே புதிதல்ல. இணைய இணைப்பு மட்டும் ஒரே ஒருவர் பெயரில், ஒரே ஒரு எமிரேட்ஸ் ஐடியில்.

இங்கேதான் விடயத்தின் மையம் இருக்கிறது. வீட்டுக்குள் பத்துக் கைத்தொலைபேசி, இரண்டு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சி எல்லாம் ஒரே ரவுட்டரில் தொங்கினாலும், வெளியுலகத்துக்கு அவை எல்லாம் ஒரே இணைய முகவரியாகத்தான் தெரியும். ஒரு நிறுவனத்தின் கடிதத்தாளில் உள்ளே இருக்கும் எந்த எழுதுவினைஞர் தட்டச்சு செய்தாலும் மேலே இருப்பது நிறுவனத்தின் பெயர்தானே, அதுபோல. பக்கத்து அறைத் தம்பி முகநூலில் யாரையாவது திட்டி எழுதினாலும், திருட்டுப் படம் இறக்கினாலும், மிரட்டல் அனுப்பினாலும், சேவை வழங்குநரின் பதிவேட்டில் இருப்பது ஒப்பந்தக்காரரின் பெயர்.

இந்த நாட்டின் இணையக் குற்றச் சட்டம் இலேசானதல்ல. 2012 இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக, 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் கூட்டாட்சி ஆணைச் சட்டம் 2022 ஜனவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. அவதூறு, வதந்தி பரப்பல், பிறருடைய அந்தரங்கத்தை வெளியிடல் எல்லாம் அதற்குள் வரும். ஊரில் ஒரு வாய்ச்சண்டையாக முடிந்துபோகும் சொல், இங்கே வட்ஸ்அப்பில் போனால் வழக்காகலாம். தொலைத்தொடர்புச் சேவையை உரிமையில்லாமல் மற்றவர்களுக்குத் திறந்து கொடுப்பதையும் 2012 ஆம் ஆண்டின் சட்டமே குற்றமாகச் சொன்னது. ஆகவே பக்கத்து வீட்டுக்குக் கடவுச்சொல் கொடுத்து மாதம் ஐம்பது, நூறு திர்ஹம் வாங்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துவது நல்லது. கணக்காளர் என்ற முறையில் சொல்வதானால், நூறு திர்ஹம் வரவுக்கு எதிரே எழுதப்படாத கடன் மிகப் பெரிது.

ஐரோப்பாவில் இருக்கும் உறவுகள் இது வளைகுடாக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010 மே 12 ஆம் திகதி கொடுத்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டு சட்டவிரோதமாக இணையத்தில் பகிரப்பட்டிருந்தது. இணைப்புக்குச் சொந்தக்காரர் அந்த நேரம் விடுமுறைக்குப் போயிருந்தார், வீட்டிலேயே இல்லை. பாட்டைப் பகிர்ந்தவர் அவரல்லர் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ரவுட்டரைச் சரியான கடவுச்சொல்லால் பூட்டி வைக்காதது அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பிறகு 2017 இல் சட்டத்தைத் திருத்தி இந்தப் பொறுப்பைப் பெருமளவு குறைத்தார்கள். ஆனால் அதற்கு இடையில் எத்தனை வீடுகளுக்கு வழக்கறிஞர் கடிதம் போயிருக்கும் என்று ஜேர்மனித் தமிழர்களைக் கேட்டால் தெரியும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. புதிதாகக் குடிவந்த அயலவர்மீது கோபம் கொண்ட ஒருவர், அவர்களுடைய வைஃபையை உடைத்து உள்ளே போய், 2009 இல் அவர்கள் பெயரில் அப்போதைய துணை ஜனாதிபதி பைடனுக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார். விசாரணையாளர்கள் முதலில் போனது அந்த அப்பாவிக் குடும்பத்திடம். உண்மை வெளிவந்து, செய்தவருக்கு 2011 இல் 18 ஆண்டுச் சிறை கிடைத்தது. அந்த வீட்டின் வைஃபை பூட்டித்தான் இருந்தது. பூட்டுத்தான் பழசு.

பூட்டின் வயது

வைஃபைக்கு முதலில் வந்த பூட்டின் பெயர் வெப். 1997 இல் வந்தது. 2001 இலேயே அதில் ஓட்டை இருப்பதை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2007 இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய அமெரிக்கச் சில்லறை வியாபார நிறுவனம், தன் கணினிகளுக்குள் திருடர் புகுந்துவிட்டதாக அறிவித்தது. கடையொன்றின் வெப் பூட்டுப் போட்ட வைஃபை வழியாக உள்ளே போனவர்கள், குறைந்தது 45.7 மில்லியன் வங்கி அட்டை விபரங்களை அள்ளியிருந்தார்கள். எமது தொழிலில் இருப்பவர்கள் அந்த நிறுவனத்தின் அந்த ஆண்டுக் கணக்கறிக்கையைப் படித்துப் பார்க்கலாம். ஒரு வைஃபைப் பூட்டு இலாப நட்டக் கணக்கில் எப்படி ஒரு வரியாக வந்து நிற்கிறது என்று தெரியும்.

வெப்புக்குப் பிறகு 2003 இல் டபிள்யூ.பி.ஏ., 2004 இல் டபிள்யூ.பி.ஏ. 2, 2018 இல் டபிள்யூ.பி.ஏ. 3 வந்தன. உங்கள் ரவுட்டரில் 3 இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். பழைய கைத்தொலைபேசி அதில் ஏற மறுத்தால் 2 உம் 3 உம் கலந்த தெரிவு ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். 2 மட்டும் இருந்தாலும் கடவுச்சொல் நல்லதாக இருந்தால் பயமில்லை. வெப் மட்டுமே தெரிந்த ரவுட்டர் இன்னும் யாரிடமாவது இருந்தால், அதை மின்கழிவுப் பெட்டியில் போடுவதுதான் வழி.

நல்ல கடவுச்சொல் என்றால் என்ன? எம்மவர் போடும் கடவுச்சொற்கள் மூன்று வகை: பிள்ளையின் பிறந்த திகதி, கைத்தொலைபேசி இலக்கம், ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக. இதைக் கணக்காகப் பார்ப்போம்.

டபிள்யூ.பி.ஏ. 2 வைஃபையில் ஒரு கருவி இணையும்போது ரவுட்டரும் கருவியும் ஒரு சிறு கைகுலுக்கல் செய்கின்றன. அதை வெளியே நிற்பவர் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வரத் தேவையில்லை. தன் வீட்டில் இருந்து, அந்தப் பதிவோடு கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார். பிள்ளைகள் விளையாட்டுக்கு வாங்கும் கணினியில் உள்ள நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்று விநாடிக்குப் பல இலட்சம் சொற்களைப் பொருத்திப் பார்க்கும். குறைத்தே மதிப்பிட்டு, விநாடிக்கு 5 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

பிறந்த திகதி: நூறு ஆண்டுகளை எடுத்தாலும் 36,500 திகதிகள்தான். ஒரு விநாடி கூட வேண்டாம். எட்டு இலக்க எண்: மொத்தம் 10 கோடி. 200 விநாடி. இந்த நாட்டுக் கைத்தொலைபேசி இலக்கம்: பத்து இலக்கம் என்று பெரிதாகத் தெரியும். ஆனால் முன்னுக்கு வருவது ஆறோ ஏழோ முன்னிலக்கங்களில் ஒன்று. மிச்சம் ஏழு இலக்கம், அதாவது ஒரு கோடி. ஏழு கோடியை 5 இலட்சத்தால் வகுத்தால் 140 விநாடி. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இப்போது வேறு விதமாகப் பாருங்கள். சாதாரண வீட்டுச் சொற்கள் 2,000 ஐ ஒரு பட்டியலாக எழுதி, அதில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு நான்கு சொல் எடுக்கிறோம் என்று வைப்போம். 2,000 ஐ நான்கு தடவை பெருக்கினால் 16 இலட்சம் கோடி. அதே கணினிக்கு அதை முடிக்க ஓர் ஆண்டு வேண்டும். ஐந்து சொல் எடுத்தால் 2,000 ஆண்டு. அம்மிக்கல், பஸ், உப்பு, கடிதம், ஆடு என்பது மாதிரி, ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள். இந்த ஐந்தையே எடுத்துவிடாதீர்கள். அச்சில் வந்த சொல் இனிக் கடவுச்சொல் அல்ல. பாட்டின் முதல் வரி, திருக்குறள், கோயிற் பெயர், ஊர்ப்பெயர் எதுவும் வேண்டாம். சொற்கள் தற்செயலாக வரவேண்டும், மனதுக்குப் பிடித்தவையாக அல்ல. வைஃபைக் கடவுச்சொல் 8 எழுத்தில் இருந்து 63 எழுத்து வரை இருக்கலாம் என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் வைத்தால் பிழையில்லை. களவெடுப்பவர் அலுமாரிக்குள் வந்துவிட்டால் வைஃபை எமது கவலைகளில் கடைசி.

வலையமைப்பின் பெயரிலும் கவனம் வேண்டும். அந்தப் பெயரும் சேர்த்துத்தான் பூட்டின் சாவி கணிக்கப்படுகிறது. தொழிற்சாலையில் இட்ட பொதுப் பெயர்களுக்கு முன்கூட்டியே கணித்து வைத்த பட்டியல்கள் உலகில் இருக்கின்றன. எனவே பெயரை மாற்றுங்கள். மாற்றும்போது குடும்பப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் போடாதீர்கள். அந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு எந்த மாடியில் எந்த இனத்தவர் இருக்கிறார் என்று அறிவித்தல் ஒட்ட வேண்டிய தேவை எமக்கு இல்லை.

பெயரை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மறைத்த பெயரை இலவச மென்பொருளால் எடுக்கலாம். கருவிகளின் முகவரியைப் பதிந்து அவற்றை மட்டும் அனுமதிக்கும் முறையும் அப்படித்தான். முகவரியைப் பார்த்துப் பிரதி பண்ணலாம். நேரம் விரயம்.

இரண்டு கடவுச்சொல்

வைஃபைக்குள் நுழையும் கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் கடவுச்சொல் வேறு. எமது ஆட்களில் அநேகருக்கு இந்த இரண்டாவது இருப்பதே தெரியாது. உலாவியில் 192.168.1.1 என்பது போன்ற முகவரியைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். பல ரவுட்டர்களில் அவை இரண்டுமே 'அட்மின்' என்ற ஒரே சொல், அல்லது அடியில் ஒட்டிய தாளில் உள்ளது.

2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியது. அதனிடம் பெரிய வித்தை எதுவும் இருக்கவில்லை. தொழிற்சாலையில் இட்ட பயனர் பெயர், கடவுச்சொல் சோடிகள் அறுபதுக்குச் சற்று மேல், ஒரு பட்டியலாக அதனிடம் இருந்தன. ரவுட்டர், பாதுகாப்புக் கமரா என்று கண்ட கருவியில் எல்லாம் அந்தப் பட்டியலை முயன்று பார்த்தது. இலட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அந்த ஆண்டு ஒக்ரோபர் 21 இல் அவற்றை ஏவி, டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ருவிட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. சொந்தக்காரருக்குத் தன் கமரா சண்டைக்குப் போனதே தெரியாது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லோடு விற்பதே சட்டத்துக்கு மாறு. மற்ற நாட்டில் இருப்பவர்கள் தாமே மாற்றவேண்டும்.

இந்தப் பக்கம் திறந்திருக்கும்போதே இன்னும் மூன்று காரியம் பார்த்துவிடலாம். முதலாவது டபிள்யூ.பி.எஸ். பொத்தானை அழுத்தினால், அல்லது எட்டு இலக்க எண் ஒன்றைப் போட்டால் இணைய விடும் வசதி அது. வசதிதான் வில்லங்கம். எட்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம், மிச்சம் ஏழு. அந்த ஏழையும் ரவுட்டர் நான்காகவும் மூன்றாகவும் பிரித்துத் தனித்தனியே சரிபார்க்கிறது. ஆகவே முயல வேண்டியது ஒரு கோடி தடவை அல்ல. 10,000 உம் 1,000 உம் சேர்ந்து 11,000 தடவை. 2011 டிசம்பரில் ஓர் ஆய்வாளர் இதை வெளியிட்டார். எவ்வளவு நல்ல கடவுச்சொல் போட்டாலும் இந்தப் பின்கதவு திறந்திருந்தால் பிரயோசனம் இல்லை. நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, ரவுட்டரை வெளியில் இருந்து இயக்கும் வசதி. வீட்டில் இருந்தே மாற்ற முடியும் என்றால் இது எதற்கு? அதையும் நிறுத்துங்கள்.

மூன்றாவது, மென்பொருள் புதுப்பித்தல். 2017 ஒக்ரோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் டபிள்யூ.பி.ஏ. 2 இன் கைகுலுக்கலிலேயே ஒரு பிழை இருப்பதைக் காட்டினார். நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. திருத்தத்தை ஏற்றிய கருவிகள் தப்பின. 2018 மே மாதம் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் ரவுட்டர்களில் ஒரு தீநிரல் இருப்பது தெரிந்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடும்படி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு அறிவித்தல் விட்டது. ஆகவே தானாகப் புதுப்பிக்கும் தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இங்கே எதிசலாத்தும் டூவும் கொடுக்கும் ரவுட்டர்களில் சில அமைப்புகளை நாம் மாற்ற முடியாதபடி அவர்களே பூட்டி வைத்திருக்கக்கூடும். எதிசலாத் என்றால் 101, டூ என்றால் 155 இல் கேட்டால் செய்து தருவார்கள். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம்.

ரவுட்டர் கெட்டவர் கைக்குப் போனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குப் பிரேசிலைச் சொல்லலாம். 2011, 2012 ஆண்டுகளில் அங்கே 45 இலட்சம் இணைய மோடங்களின் ஒரே ஓர் அமைப்பை மாற்றினார்கள். தளத்தின் பெயரைத் தட்டினால் அது எந்த இலக்கத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் அமைப்பு அது, டி.என்.எஸ். என்பார்கள். பிறகு மக்கள் தம் வங்கியின் பெயரைச் சரியாகவே தட்டினாலும் போய்ச் சேர்ந்தது போலிப் பக்கத்துக்கு. கணினியில் வைரஸ் இல்லை, தட்டியதில் பிழை இல்லை. மாதக் கடைசியில் ஊருக்குக் காசு அனுப்பும் எமக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். பூட்டுக் குறி இல்லாத வங்கிப் பக்கத்திலோ, 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று உலாவி எச்சரிக்கும் பக்கத்திலோ எந்த அவசரத்திலும் கடவுச்சொல் தட்டாதீர்கள்.

'அண்ணை, ஒருக்கா பாஸ்வேர்ட் தாங்கோ'

வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு ஜெபல் அலிக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ வந்துவிட்டு, அப்படியே வீட்டுக்கும் ஒரு நடை வருபவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது இதைத்தான். இல்லை என்று சொல்ல எமக்கு வாய் வராது. தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்பது போல இருக்கும். சொல்லவும் வேண்டாம். அநேக ரவுட்டர்களில் விருந்தினர் வலையமைப்பு என்று தனியாக ஒன்றை உருவாக்கலாம். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும். உங்கள் மடிக்கணினி, அச்சுப்பொறி, கமரா எதையும் அவர் எட்டமுடியாது. அதற்கு வேறு கடவுச்சொல் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். வீட்டில் உள்ள கமரா, தொலைக்காட்சி, மலிவு விலைக்கு வாங்கிய மின்குமிழ் எல்லாவற்றையும் அந்தப் பக்கமே தள்ளிவிடுவது இன்னும் நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். விருந்தினர் வலையமைப்பு உங்கள் கோப்புகளைக் காக்கும், உங்கள் பெயரைக் காக்காது. வெளியே போகும்போது அதுவும் உங்கள் முகவரியில்தான் போகிறது. ஆகவே தெரிந்தவர்களுக்கு மட்டும்.

சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் நிலைமை சிக்கலானது. டபிள்யூ.பி.ஏ. 2 இல் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்பவர்களில் ஒருவர் மனம் வைத்தால், மற்றவர்களின் போக்குவரத்தை ஒட்டுக் கேட்க வாய்ப்பு உண்டு. டபிள்யூ.பி.ஏ. 3 இல் அது அடைபட்டிருக்கிறது. புது ரவுட்டர் கேட்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அதோடு, அறையில் இருந்து ஒருவர் போனால் அன்றிரவே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அலுவலகத்தில் காசாளர் விலகினால் பெட்டகத்தின் எண்ணை மாற்றுகிறோம். அவர் கள்ளன் என்பதால் அல்ல. நாளை ஏதாவது குறைந்தால் அவர்மீது சந்தேகம் வரக்கூடாது என்பதாலும்தான். அறையை விட்டுப் போகும் தம்பிக்கும் இப்படியே சொல்லலாம், கோபிக்கமாட்டான்.

ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். வீட்டில் எத்தனை கருவி என்று ஒரு தாளில் எழுதி வைத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். வங்கி இணக்கக் கூற்றுத் தயாரிப்பதைவிட இது இலேசு. கூடுதலாக ஒன்று தெரிந்தால் பதறாதீர்கள். அநேகமாக அது மகளின் பழைய டப்லெட்டாகத்தான் இருக்கும். அடையாளம் காணமுடியாவிட்டால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். யாருடையதோ அவர் வந்து கேட்பார், அல்லது கேட்கமாட்டார்.

வி.பி.என். பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அது வீட்டுக்கு வீடு இருக்கிறது. வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு இந்த நாட்டில் வேலை செய்யாது. ரொறன்ரோவில் இருக்கும் மகனோடு பேச வேண்டும் என்று இலவச வி.பி.என். செயலி ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள். சட்டம் ஒருபக்கம்: இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்வதற்கும் குற்றத்தை மறைப்பதற்கும், மேலே சொன்ன சட்டத்தில் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. பாதுகாப்பு மறுபக்கம்: வி.பி.என். போட்டால் உங்கள் போக்குவரத்து முழுவதும் அந்தச் செயலிக்காரரின் கணினி வழியாகப் போகிறது. காசு வாங்காமல் அவர் ஏன் அதைச் சுமக்கிறார் என்று ஒரு கணக்காளராவது கேட்கவேண்டும். பேசுவதற்கு போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன. பழகிய குரல் பழகிய செயலியில் வராதது கவலைதான். ஆனால் அகதி விண்ணப்பக் கோப்பின் படங்களும், ஊரில் இருக்கும் உறவுகளின் பெயர் முகவரியும் அதே கைத்தொலைபேசியில்தான் இருக்கின்றன.

வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தனித்திருக்கும் அம்மா அப்பாவின் வீட்டு ரவுட்டரும் இதே ரவுட்டர்தான். டயலொக்காக இருந்தாலும் எஸ்.எல்.ரி. ஆக இருந்தாலும், பெட்டியின் அடியில் ஒட்டிய தாளோடு, வந்த நாளில் வைத்த இடத்தில் இருக்கும். வீடியோ அழைப்பில் இருந்துகொண்டே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அடியில் உள்ள தாளைப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். அந்தக் குழுவில் அறுபது பேர் இருப்பார்கள்.

கடைசியாக, வீடு மாறும்போது. இங்கே நாம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறோம். இணைப்பை அடுத்துக் குடிவருபவர் 'அப்படியே பாவிக்கட்டும், மாதக் காசை அவர் தருவார்' என்று விட்டுப் போவது இங்கே சர்வசாதாரணம். அது உங்கள் பெயரை அந்த வீட்டில் விட்டுப் போவது. ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் பத்து விநாடி அழுத்தினால் உள்ளே பதிந்தவை அழிந்து, தொழிற்சாலையில் இருந்து வந்தபடி ஆகிவிடும். பிறகு இணைப்பை எழுத்தில் இரத்துச் செய்து, ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து, கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதை இஜாரி இரத்துப் பத்திரத்தோடும் கடைசி மின்கட்டணச் சீட்டோடும் ஒரே கோப்பில் போட்டு, திகதியை மேலே எழுதி வையுங்கள்.